உள்ளே விட்ட ஒரு இஞ்ச்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பெங்களூரில் வாங்கிய ஒரு சட்டையை அம்மாவிடம் காட்டினேன். விலையைச் சொல்லவில்லை. சொன்னால் அன்றைய சாப்பாடு கெட்டுவிடும். அம்மா நிறத்தைப் பார்க்கவில்லை, துணியைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. நேராகச் சட்டையை உள்பக்கம் திருப்பி விலாத் தையலை விரலால் தடவினாள். “உள்ள ஒண்ணுமே வுடலியே சாமி. ஒரு சுத்து பெருத்தீன்னா தூக்கித்தான் போடணும்” என்றாள். நான் ஏற்கெனவே ஒரு சுற்று பெருத்திருந்தேன் என்பது வேறு விஷயம்.

தைக்கிறவர்கள் ‘உள்ளே விடுவது’ என்று சொல்வது, தையல் கோட்டைத் தாண்டி ஆடையின் உள்பக்கம் மடங்கிக் கிடக்கும் துணியை. வெளியிலிருந்து பார்த்தால் அது இருப்பதே தெரியாது. அம்மா தைக்கும் ஜாக்கெட்டில் இரண்டு விலாவிலும் ஒரு இஞ்ச் உள்ளே இருக்கும். அதோடு பக்கவாட்டில் ஒரு தையல் போதும் என்ற இடத்தில் மூன்று தையல் ஓடும், கால் இஞ்ச் இடைவெளியில், ஒன்றுக்கொன்று இணையாக. உடம்போடு ஒட்டிய முதல் தையல் இன்றைய அளவு. அடுத்தது நாளைய அளவு. மூன்றாவது, கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகு வரப்போகிற அளவு. ஜாக்கெட் இறுக்கமானால் கடைக்குப் போக வேண்டியதில்லை, துணி வெட்ட வேண்டியதில்லை. வீட்டில் உட்கார்ந்து பிளேடால் முதல் தையலைப் பிரித்துவிட்டால் போதும், அடுத்த தையல் ஏற்கெனவே தயாராகக் காத்திருக்கும். தமிழ்நாட்டில் ஜாக்கெட் போடுகிற எல்லாப் பெண்களுக்கும் இது தெரியும். எனக்கு முப்பத்துச் சொச்சம் வயதில்தான் தெரிந்தது.

பெண்கள் பத்திரிகைகளில் பக்கத்தின் மூலையில் கட்டம் கட்டி ‘வீட்டுத் தையல் குறிப்புகள்’ என்று வருமே, அதை ஒரு காலத்தில் நான் பக்கத்தை நிரப்பப் போடுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். சமையல் குறிப்புக்கும் கோலத்துக்கும் நடுவே கிடக்கும் நாலு வரி. லைனிங் துணியை வெட்டுவதற்கு முன் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கணும். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே லைனிங் சுருங்கி மேல் துணி சுருக்கம் சுருக்கமாக நிற்கும். பருத்தித் துணியை நேராக வெட்டணுமென்றால் ஓரத்தில் ஒரே ஒரு நூலைப் பிடித்து உருவிவிடணும். நூல் போன தடத்தில் ஒரு கோடு விழும், கத்தரி அதன்மேல் போகும், ஸ்கேலே வேண்டாம். கரைந்து மெலிந்த சோப்புச் சில்லு சாக்பீஸைவிட நல்லது, துவைத்தால் தடம் இருக்காது. கைத்தையல் நூலை மெழுகுவத்தியில் ஒருதரம் இழுத்தால் சிக்கு விழாது. இதையெல்லாம் சேர்த்து வைத்துப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. இந்தக் குறிப்புகள் முக்கால்வாசி அழகைப் பற்றியவை அல்ல. துணி விலை அதிகம், உடம்பு ஒரே மாதிரி இருக்காது. ஆகவே பிரிக்க முடிகிற மாதிரி தை. எல்லாக் குறிப்பும் சுற்றிச் சுற்றி இதைத்தான் சொல்கிறது. இது எப்போதிலிருந்து என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

*

தமிழில் தையலுக்குப் பழைய சொல் துன்னம். சங்கப் பாடல்களில் துன்னம் வருகிற இடமெல்லாம் வறுமை வருகிறது. ஆய் அண்டிரனிடம் வந்த துறையூர் ஓடைகிழார் (புறநானூறு 136) தன் உடையின் தையல்களை வருணிக்கிறார். அந்தத் தையல்களின் இடுக்கில் பேன் குடியிருப்பதையும் சேர்த்து. பொருநராற்றுப்படையின் பொருநன் கரிகாலனிடம் வரும்போது உடுத்தியிருப்பது வேறு வேறு நூலால் ஒட்டுப்போட்ட கந்தல். தைத்த துணி என்றால் கிழிந்து தைத்த துணி என்றுதான் அர்த்தம். நல்ல துணிக்கு ஊசி தேவைப்படவில்லை. தறியிலிருந்து வந்ததை அப்படியே உடுத்தினார்கள்.

எங்கள் ஊர்ச் சான்றும் ஒன்று உண்டு. தருமபுரிக்குப் பழைய பெயர் தகடூர், அதியமான் ஊர். அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடிய பாட்டு புறநானூற்றில் 392. பாணன் இடுப்பில் இருந்த பழந்துணி, ஊரார் தண்ணீர் எடுக்கும் கேணியில் மிதக்கும் பாசியின் வேர் மாதிரி இழை இழையாக இருந்ததாம். அரசன் அதைக் களைந்துவிட்டு மெல்லிய நூலால் நெய்த புதுத்துணி உடுத்துகிறான். புலவர்களைப் பற்றிய பாடல்களில் துணி எப்போதுமே இப்படி மாறுகிறது, ஒரே நொடியில், பழையது போய்ப் புதியது வந்துவிடுகிறது. அரசன் வீட்டு வாசலுக்குப் போக முடியாதவர்கள் என்ன செய்தார்கள்? துன்னம் போட்டுக்கொண்டு இருந்திருப்பார்கள். அதைப் பாடக் காரணம் இல்லை.

ஊசிக்காரர்களே இல்லை என்று சொல்லவில்லை. சிலப்பதிகாரத்தின் புகார் நகரத்தில் பல தொழில்காரர்களோடு துன்னகாரரும் இருக்கிறார்கள். ஆனால் புடவையும் வேட்டியும் தைக்காத உடைகள். ஒரு சராசரித் தமிழ்க் குடும்பத்துக்குத் தையல்காரர் மாதாமாதம் தேவைப்படுகிற ஆளாக ஆனது மிகச் சமீபத்தில். என் அப்பாவின் பாட்டி ஜாக்கெட் போட்டதே கிடையாது. அவரைப் போலப் பல கிழவிகள் எங்கள் பக்கத்தில் இருந்தார்கள். புடவையை ஒரு சுற்றுச் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு கேழ்வரகு அறுத்தவர்கள். அவர்களைப் பொறுத்தவரை ஜாக்கெட் என்பது ‘இஸ்கோலுக்குப் போற புள்ளைங்க’ போடுவது.

மேலுடம்பில் தைத்த துணி போடுவது சும்மா வந்த பழக்கமில்லை. தெற்கே திருவிதாங்கூரில் சாணார் பெண்கள் தோளை மறைக்கிற உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் அடிபட்டார்கள். 1859-இல் அரசர் அறிக்கை விட்டபோதும், மேல்சாதிப் பெண்கள் மாதிரி உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. அந்தக் கதையைப் பலர் எழுதிவிட்டார்கள். நான் கவனிப்பது ஒரு சின்ன விஷயத்தை. புடவைக்கு அளவு கிடையாது. பதினாறு வயதிலும் அறுபது வயதிலும் அதே புடவை. ஜாக்கெட் வந்ததும் முதல்முறையாக ஒரு பெண்ணின் உடம்புக்கு எண் வந்தது. எண் வந்தால் அது மாறும். மாறுவதற்கு இடம் விடணும்.

*

இனி எந்திரம். பிரெஞ்சுத் தையல்காரர் பார்தெலெமி திமோனியே 1830-இல் ஒரு தையல் எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். பாரிஸில் எண்பது எந்திரங்களைப் போட்டு ராணுவச் சீருடை தைக்க ஆரம்பித்தார். 1831-இல் தையல்காரர்கள் கூட்டமாக வந்து உடைத்துப் போட்டுவிட்டார்கள். பிழைப்பு போய்விடும் என்ற பயம். திமோனியேவின் எந்திரம் போட்டது சங்கிலித் தையல். ஒரே நூல், ஒவ்வொரு வளையமும் முந்தைய வளையத்துக்குள் நுழைந்து போகும். அரிசி மூட்டையின் வாயைப் பிரித்தவர்களுக்குத் தெரியும். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சர்ரென்று மொத்தமும் உருவிக்கொண்டு வந்துவிடும். மூட்டைக்கு அது வசதி. சட்டைக்கு ஆபத்து.

அமெரிக்காவில் எலியாஸ் ஹோ 1846-இல் காப்புரிமை பெற்ற எந்திரம் வேறு வகை. ஊசியின் கண் கொண்டைப் பக்கம் இல்லாமல் முனைப் பக்கம். மேலே ஒரு நூல், கீழே ஒரு நூல். இரண்டும் துணியின் தடிமனுக்கு நடுவில் ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பூட்டிக்கொள்ளும். ஒரு தையல் அறுந்தாலும் பக்கத்துத் தையல் நிற்கும். நிமிடத்துக்கு 250 தையல் போட்டுக்காட்டி, கையால் தைக்கும் ஐந்து பெண்களைப் போட்டியில் தோற்கடித்தார். ஐசக் சிங்கர் 1851-இல் தன் எந்திரத்தைக் கொண்டுவந்தார். ஹோவின் காப்புரிமையை மீறியதாக வழக்கு, சண்டை, கடைசியில் 1856-இல் எல்லோரும் காப்புரிமைகளை ஒன்றாகப் போட்டுப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். அதே வருடம் சிங்கரின் கூட்டாளி எட்வர்ட் கிளார்க் தவணைக்கு எந்திரம் விற்கத் தொடங்கினார். என்னைக் கேட்டால் ஊசியின் கண்ணை இடம் மாற்றியதற்குச் சமமான கண்டுபிடிப்பு இது. 1860-களில் ஓர் அமெரிக்க நிறுவனம் கணக்குப் போட்டிருக்கிறது: ஓர் ஆண் சட்டை கையால் தைக்க 14 மணி 26 நிமிடம், எந்திரத்தில் 1 மணி 16 நிமிடம். எந்திரம் விற்கிறவர்கள் போட்ட கணக்கு, கொஞ்சம் உப்பு சேர்த்துத்தான் சாப்பிடணும். பாதி உண்மை என்றாலும் பெரிய விஷயம்.

பூட்டுத் தையலை உருவ முடியாது. அப்படியானால் பிரிப்பது எப்படி? அம்மா செய்வது இது. கீழ்ப்பக்க நூலில் நாலு தையலுக்கு ஒன்று வீதம் பிளேடு நுனியால் வெட்டிக்கொண்டே போவாள். பிறகு துணியைத் திருப்பி மேல் நூலின் ஒரு முனையைப் பிடித்து இழுப்பாள். முழு நீளத்துக்கு ஒரே நூலாக வந்துவிடும். துணியில் ஒரு கீறல் இருக்காது. உருவின நூலைத் தூக்கிப் போடமாட்டாள். பித்தான் தைக்க ஆகும். ஹோ பூட்டியதை அரூர் பக்கத்து ஒரு பெண் பிளேடால் திறக்கிறாள். இந்த நாலுக்கு ஒன்று என்ற கணக்கை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ரெண்டுக்கு ஒன்று வெட்டினால் நேரம் வீண், ஆறுக்கு ஒன்று என்றால் இழுக்கும்போது துணி சுருங்கும் என்று கை சொல்லியிருக்கிறது.

காந்தி எந்திரங்களுக்கு எதிரானவர் என்பது எல்லாருக்கும் தெரியும். 1924-இல் சாந்திநிகேதனில் படித்துக்கொண்டிருந்த ஜி. ராமச்சந்திரன் என்ற இளைஞர் அவரிடம் நேராகக் கேட்டார்: எல்லா எந்திரத்துக்குமா எதிர்ப்பு? காந்தி விலக்குச் சொன்னது சிங்கரின் தையல் எந்திரத்துக்கு. மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்க்கப் பொறுக்காமல் அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்றும் சொன்னார். மனைவி தைப்பதைப் பார்த்த கதை வழக்கமாக ஹோவைப் பற்றிச் சொல்லப்படுவது. சிங்கரோ பல குடும்பங்களோடு வாழ்ந்து இருபதுக்கு மேல் பிள்ளைகள் பெற்றவர். காந்திக்கு யார் இந்தக் கதையைச் சொன்னார்களோ! ராமச்சந்திரன் விடவில்லை. தையல் எந்திரம் செய்ய ஒரு பெரிய ஆலை வேண்டுமே, அதற்குப் பெரிய எந்திரங்கள் வேண்டுமே என்று மடக்கினார். ஆமாம், அந்த ஆலைகள் அரசின் கையில் இருக்கட்டும் என்றார் காந்தி. கேள்வி கேட்ட இளைஞர்தான் பிற்பாடு, 1947-இல், டாக்டர் சௌந்தரத்தோடு சேர்ந்து திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கியவர்.

காந்தி மனதில் இருந்தது வீட்டில் இருக்கும் எந்திரம், ஒரு பெண்ணின் கைவலியைக் குறைப்பது. இந்தியாவில் நடந்ததோ வேறு. எந்திரம் முதலில் போனது ஆண் தையல்காரர்களிடம், கடைத்திண்ணைக்கு. கொழும்பில் 1877-லேயே சிங்கர் கடை போட்டுவிட்டது. கல்கத்தாவில் ஜெய் என்ஜினியரிங் நிறுவனம் உஷா எந்திரத்தைத் தயாரிக்கத் தொடங்கியது 1930-களில். எங்கள் பக்கத்துச் சிற்றூர்களின் வீட்டுக்குள் எந்திரம் நுழைய அதற்குப் பிறகும் ரெண்டு தலைமுறை ஆனது.

*

எங்கள் வீட்டுக்கு வந்தது 1995-இல். நான் அப்போது ஒண்ணாங்கிளாஸ். கறுப்பு உடம்பு, தங்க நிறப் பூ, கீழே இரும்பு மிதி. அப்பா தவணையில் வாங்கினார். சிங்கர் நிறுவனத்தின் கிளார்க் என்ற வக்கீல் 1856-இல் யோசித்த அதே தவணை. பக்கத்து வீட்டு அத்தைக்கு மாமா தவறியபின் சமூகநலத் துறையிலிருந்து இலவசமாக ஒன்று கிடைத்தது. சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டம் என்று பெயர். கைம்பெண்கள், கணவனால் கைவிடப்பட்டவர்கள், ஆதரவற்றவர்கள், மாற்றுத்திறனாளிகள் இவர்களுக்குத் தருவது. தமிழ்நாட்டு அரசு ஒரு பெண்ணுக்குப் பிழைக்க வழி என்று யோசிக்கும்போதெல்லாம் தையல் எந்திரத்தைத்தான் யோசித்திருக்கிறது. அதைக் கிண்டல் செய்கிறவர்கள் உண்டு. ஆனால் அத்தை அந்த எந்திரத்தை வைத்துத்தான் ரெண்டு பெண்களைப் படிக்க வைத்தாள். சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் இலவசச் சீருடையைத் தைப்பது மகளிர் தையல் தொழில் கூட்டுறவுச் சங்கங்கள். வெட்டிய துணியைக் கட்டாக வாங்கிவந்து வீட்டில் தைத்துத் திருப்பிக் கொடுப்பார்கள். அத்தை அதில் உறுப்பினர். நான் போட்ட காக்கி டவுசரை அத்தை தைத்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

இரண்டு எந்திரங்களும் மதியம் முழுக்கப் பேசிக்கொள்ளும். அம்மா காதால்தான் தைப்பாள். ‘டொக் டொக்’ என்று ஊசி துணியில் குத்துகிற சத்தம் கேட்டால் முனை மழுங்கிவிட்டது, மாற்று என்பாள். ஜாக்கெட் துணிக்கு 14-ஆம் நம்பர் ஊசி, தடித்த துணிக்கு 16. எண்ணெய் விட்டால் அன்று ராத்திரி எந்திரத்தின் காலுக்குக் கீழே ஒரு கந்தல் துணியை வைத்துவிட்டுத் தூங்கணும். இல்லாவிட்டால் காலையில் யாரோ ஒருத்தியின் கல்யாண ஜாக்கெட்டில் எண்ணெய்ப் பொட்டு விழும். பாபின் கேஸை நூலைப் பிடித்துத் தொங்கவிட்டுப் பார்க்கணும். தானாக வழுக்கி இறங்கினால் தளர்வு, லேசாக உதறியும் இறங்காவிட்டால் இறுக்கம், உதறினால் கொஞ்சம் இறங்கி நின்றால் சரி. இன்னொன்று, நான் வேலையில் பிழை தேடும்போது இன்றும் நினைப்பது: துணியின் அடிப்பக்கம் நூல் கொத்துக் கொத்தாக வந்தால் எல்லாரும் பாபினைக் கழற்றிப் பார்ப்பார்கள். குறை அங்கே இருக்காது. மேல் நூல் தளர்ந்திருக்கும். “கீழ தப்பு தெரிஞ்சா மேல பாரு” என்பாள் அம்மா. எங்கள் அலுவலகத்தில் இதைச் சொல்லிப் பார்த்தேன். மேலாளர் சிரிக்கவில்லை.

எங்கள் தெருப் பெண் பிள்ளைகளின் பாவாடைகளை மட்டும் தனியாகச் சொல்லணும். அஞ்சாறு வயதுப் பெண்ணுக்குப் பாவாடை தைக்கும்போது நீளத்தைக் கூட வைத்து வெட்டி, கீழ்ப்பக்கம் இரண்டு மூன்று டக் பிடிப்பார்கள். பார்க்க அலங்காரம் மாதிரி இருக்கும். வருடத்துக்கு ஒரு டக் பிரிப்பார்கள், சித்திரையிலோ பள்ளிக்கூடம் திறக்கும்போதோ. பிரித்த இடத்தில் வெயில் படாத துணி புதுநிறத்தில் ஒரு பட்டையாகத் தெரியும். ஒரு பெண்ணின் பாவாடையில் எத்தனை பட்டை என்று எண்ணினால் அது எத்தனை வருடப் பாவாடை என்று சொல்லிவிடலாம், மரத்தை வெட்டி வளையம் எண்ணுவது மாதிரி. அந்த வயதில் நாங்கள் அதைக் கேலி செய்தோம். பட்டை தெரியும் பெண்கள் உட்காரும்போது புத்தகப் பையை மடியில் வைத்து மறைத்துக்கொள்வார்கள். அது இப்போது ஞாபகம் வந்தால் சங்கடமாக இருக்கிறது.

எபனேசர் பட்டரிக் என்ற அமெரிக்கத் தையல்காரர் 1863-இல் அளவு வாரியாகக் காகித மாதிரிகளை வெட்டி விற்க ஆரம்பித்தார். ஒரே சட்டை, பல அளவு, அஞ்சலில் வரும். உலகம் முழுக்க வீட்டுத் தையல் பரவியதில் அவருக்குப் பெரிய பங்கு. அம்மாவுக்குப் பட்டரிக்கைத் தெரியாது. அவளுடைய மாதிரிகள் தினத்தந்தியில் வெட்டியவை. ஊரில் எந்தப் பெண்ணுக்கு முதல்முறை ஜாக்கெட் தைத்தாலும் முன்பக்கம், முதுகு, கை மூன்றையும் பேப்பரில் வெட்டி, மேலே பேர் எழுதி, ஒரு ஊக்கில் குத்தி வைப்பாள். அளவு மாறினால் அதன்மேலேயே பேனாவால் புதுக்கோடு. பழைய கோட்டை அடிக்கமாட்டாள். உடம்பு இளைத்தால் திரும்பவும் அங்கே வரலாம் இல்லையா. இருபது வருடத்தில் அது இரண்டு அரிசிப் பை நிறையச் சேர்ந்தது. எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேரின் உடம்பும் அந்தப் பைகளில் இருந்தது. தேதி போட வேண்டிய அவசியமே இல்லை. பேப்பரிலேயே தேதி இருந்தது. சுனாமிச் செய்தியின் மேல் ஒரு முதுகு. தேர்தல் முடிவின் மேல் ஒரு கை.

2016-இல் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது பழைய பேப்பர்காரரிடம் அந்த இரண்டு பைகளையும் எடைக்குப் போட்டது நான்தான். அம்மா அத்தை வீட்டுக்குப் போயிருந்தாள். எண்பது ரூபாயோ என்னவோ கிடைத்தது. திரும்பி வந்தவள் பரண்மேல் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. கண் சரியாகத் தெரியவில்லை, இனிமேல் தைக்கலாமா வேண்டாமா என்று ஏற்கெனவே யோசித்துக்கொண்டிருந்தாள். அந்த வருடத்தோடு வெளியாள் துணி வாங்குவதை நிறுத்திவிட்டாள். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று நான் கேட்டதில்லை.

*

அரூரிலிருந்து கோட்டப்பட்டி வழியாகப் போனால் சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே சிட்டிலிங்கி பள்ளத்தாக்கு. மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடியினர் அதிகம். லம்பாடிகளின் தாண்டாக்களும் அங்கே உண்டு. லம்பாடிகள் ஒரு காலத்தில் மாட்டு மந்தைகளில் உப்பும் தானியமும் ஏற்றித் தக்காணம் முழுக்க நடந்தவர்கள். படைகள் போன இடமெல்லாம் பின்னால் தானியத்தோடு போனவர்கள். ரயிலும் சாலையும் வந்ததும் அந்தப் பிழைப்பு முடிந்தது. 1871-இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் பல இடங்களில் அவர்கள் மேலும் பாய்ந்தது. நடந்துகொண்டே இருந்தவர்கள் அங்கங்கே உட்கார்ந்தார்கள். அப்படி உட்கார்ந்த இடங்களில் ஒன்று எங்கள் மாவட்டத்து மலையடிவாரம்.

லம்பாடிப் பெண்களின் பாவாடை, ரவிக்கை, தலைத்துணி மூன்றும் துண்டுத் துணிகளை ஒட்டி, கண்ணாடிச் சில்லும் சோழியும் காசும் வைத்துத் தைத்தவை. கர்நாடகத்தில் சண்டூர் லம்பாணித் தையலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதில் பதினான்கு வகைத் தையல்கள் எண்ணப்படுகின்றன, ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர். எங்கள் பக்கத்து லம்பாடிப் பெண்களோ கூலி வேலைக்குப் போகத் தொடங்கி, புடவைக்கு மாறி, ஊசியை மறந்திருந்தார்கள். ரெண்டு தலைமுறை இடைவெளி.

சிட்டிலிங்கியில் 1993-இல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் பழங்குடியினர் நல மருத்துவப் பணியை ஒரு கூரைக் கொட்டகையில் தொடங்கினார்கள். இன்று அது நல்ல மருத்துவமனை. அந்தப் பணியின் கிளையாக, லலிதாவின் முயற்சியில் உருவானதுதான் ‘பொற்கை’ என்னும் லம்பாடிப் பெண்களின் தையல் சங்கம். அவர்கள் பேச்சில் அந்தச் சொல்லுக்குப் பெருமிதம் என்று பொருள். தமிழ்க் காதில் விழும் பொருளும் பொருத்தமாகவே இருக்கிறது. தையல் நினைவில் இருந்த சில முதிய பெண்களிடம் கேட்டு, எடுத்து வைத்திருந்த பழைய உடுப்புகளைப் பார்த்து, இளம்பெண்கள் திரும்பக் கற்றார்கள். முன்பு அவரவர் உடம்புக்குத் தைத்தது. இப்போது குர்தாவுக்கும் புடவைக்கும் பைக்கும் தைத்து நகரத்துக்கு விற்கிறார்கள். விற்பனைக்கு வந்தால் கலையின் உயிர் போய்விடும் என்று வருத்தப்படுகிற ஆள் நானில்லை. கூலியில்லாமல் ஒரு பெண் எதற்காகக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளணும்?

பெங்களூரில் ஒரு கண்காட்சியில் அவர்கள் தைத்த மெத்தை உறை ஒன்றை வாங்கி அம்மாவுக்குக் கொடுத்தேன். வழக்கம்போல உள்பக்கம் திருப்பினாள். ரொம்ப நேரம் பார்த்தாள். “கைத்தையல்தான். முடிச்சே தெரில பாரு” என்றாள். பிறகு, “இதுக்கு எவ்ளோ கூலி குடுப்பாங்களோ, நம்ம கை தையலுக்கு எவன் குடுப்பான்” என்றாள்.

அவள் கேட்டதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். லம்பாடித் தையல் வெளிப்பக்கம் இருக்கிறது. மறந்து போனாலும், பெட்டிக்குள் ஒரு ரவிக்கை மிஞ்சினால் பார்த்துப் படித்துவிடலாம். அம்மாவின் வேலை உள்பக்கம். ஜாக்கெட் கிழிந்ததும் கரித்துணியாகி அடுப்படிக்குப் போய்விடும். யாரும் பெட்டியில் வைக்கமாட்டார்கள். மூன்று தையலையும் உள்ளே விட்ட துணியையும் எந்தக் கண்காட்சியில் வைப்பது?

ஆயத்த ஆடையில் இந்த உள்பக்கமே இல்லை. விலாவில் அரை இஞ்சுக்கும் குறைவாக விட்டு, மிச்சத்தை ஓவர்லாக் எந்திரம் தைத்துக்கொண்டே வெட்டிப் போட்டுவிடும். கணக்கு எளிது. சட்டைக்கு ஒரு இஞ்ச் மிச்சம் என்றால் பத்தாயிரம் சட்டையில் 254 மீட்டர். வாங்குகிறவன் உடம்பு மாறினால் அவன் இன்னொன்று வாங்குவான். அதுவும் லாபம். எங்கள் ஊரிலிருந்து திருப்பூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போன பெண்களுக்கு அங்கே ஒரே வேலைதான், ஒருத்திக்குக் காலர், ஒருத்திக்குக் கை. அத்தையின் பெரிய பெண் கொஞ்ச காலம் அப்படிப் போனாள். நாளெல்லாம் பாக்கெட் தைத்தவளுக்குத் தன் ஜாக்கெட்டைப் பிரிக்க அம்மாவிடம் வரவேண்டியிருந்தது. சம்பளம் என்னவோ அத்தை வீட்டில் சம்பாதித்ததைவிட அதிகம். அதையும் சொல்லாமல் விடக்கூடாது.

அந்தப் பெங்களூர்ச் சட்டையை அம்மா விடவில்லை. இரண்டு விலாவையும் பிரித்து, என் பழைய சட்டையின் கையிலிருந்து வெட்டிய முக்கால் இஞ்ச் பட்டையை உள்ளே கொடுத்துத் தைத்துவிட்டாள். நிறம் கொஞ்சம் வேறு. கையைத் தூக்கினால் தெரியும். அலுவலகத்தில் நான் கையைத் தூக்குவதில்லை.

அதே பொங்கலில் என் மகளுக்கு ஒரு பாவாடை தைக்க உட்கார்ந்தாள். கண் அறுவை ஆகிவிட்டதால் இப்போது ஊசியில் நூல் கோக்கக் கஷ்டமில்லை. நூல் நுனியைச் சாய்வாக வெட்டி, ஊசிக்குப் பின்னால் வெள்ளைத் துண்டு ஒன்றைப் பிடித்தால் கண் பளிச்சென்று தெரியும் என்று மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அளவெடுத்து மாதிரி வெட்டப் பேப்பர் கேட்டாள். வீட்டில் பேப்பர் வாங்குவதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது, எல்லாம் போனில்தான். கூரியரில் வந்த பெட்டிக்குள் சுருட்டி வைத்திருந்த பழுப்புக் காகிதத்தை நீவிக் கொடுத்தேன். வெட்டி முடித்து மகள் பேரை எழுதினாள். நான் பேனாவை வாங்கி மூலையில் தேதி போட்டேன்.

“தேதி எதுக்கு சாமி?”

“இதுல பேப்பர் தேதி இல்லீல்லம்மா.”

“மூணு டக் வெச்சிருக்கேன். பிரிக்கத் தெரியுமா ஒம் பொண்டாட்டிக்கு?”

தெரியாது என்றேன். பிளேடை எடுத்து என் கையில் கொடுத்தாள். பழைய துணி ஒன்றை முன்னால் போட்டு, நாலுக்கு ஒண்ணு வெட்டு என்றாள்.